விபத்தைத் தடுத்தால் ஊரின் ஆயுள் நீளும்

ஓர் ஊரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, சுவரில்லாத கிணற்றில் தவறி விழுந்து இறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் கூடுகிறார்கள், கண்ணீர் வடிக்கிறார்கள். "அதன் விதி அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லுகிறார்கள். ஒரு மாதம் செல்கிறது. கிணறு அப்படியே இருக்கிறது. சுவர் மட்டும் எழும்பவில்லை.

அதே ஊரில் காலரா கண்டு ஒருவர் இறந்தால் நாம் விதி என்று சொல்லி வாளாவிருப்பதில்லை. குடிநீர்த் தொட்டியில் மருந்து கலக்கிறோம். சுகாதார ஆய்வாளரை அழைக்கிறோம். வீடு வீடாகச் சென்று விசாரிக்கிறோம். நோயால் வரும் சாவு தடுக்கத்தக்கது என்பதை நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். விபத்தால் வரும் சாவும் அவ்வாறே தடுக்கத்தக்கது என்பதை இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. விபத்துச் சாவுகளைத் தடுப்பதால் ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரி ஆயுள் எவ்வாறு உயர்கிறது என்பதையும், அதனைப் பஞ்சாயத்தார் தம் ஊர் அளவில் எவ்வாறு கணக்கிட்டுப் பார்க்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சராசரி ஆயுள் என்பது யாது?

சராசரி ஆயுள் என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். 1941-50 ஆம் ஆண்டுகளில் இந்திய மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. 2016-20 ஆம் ஆண்டுகளுக்கான அரசாங்கக் கணக்கின்படி அது 70 ஆண்டு. இதைக் கேட்டதும், "அக்காலத்தில் எல்லாரும் முப்பத்திரண்டு வயதிலேயே இறந்துபோனார்களா? எங்கள் பாட்டனார் எண்பது வயது வரை ஏர் பிடித்தாரே!" என்று சிலர் வினவுவார்கள். நல்ல வினாதான். இதற்கு விடை கண்டால் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் நால்வர் ஒரு வயதிலேயே இறந்துவிடுகின்றனர். மற்ற அறுவர் அறுபது வயது வரை வாழ்கின்றனர். நால்வர் வாழ்ந்த ஆண்டுகள் 4, அறுவர் வாழ்ந்த ஆண்டுகள் 360, மொத்தம் 364. இதனைப் பத்தால் வகுத்தால் 36.4 வருகிறது. சராசரி ஆயுள் 36 ஆண்டு. ஆனால் முப்பத்தாறாம் வயதில் அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை! சராசரியைக் கீழே இழுத்தவை அந்த நான்கு குழந்தைகளின் சாவுகளே.

அரசாங்கத்தார் கணக்கிடும் முறை இதைவிட நுட்பமானது. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறக்கின்றனர் என்று கண்டு, இன்று பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகள் அதே இறப்பு விகிதங்களைக் கடந்து வளர்ந்தால் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்று கணிக்கின்றனர். முறை நுட்பமானதாயினும் உட்கருத்து ஒன்றே. முதுமையில் நேரும் சாவு சராசரியைச் சிறிதளவே அசைக்கும். இளமையில் நேரும் சாவு அதனைப் பெரிதும் கீழே தள்ளும்.

கடந்த எழுபது ஆண்டுகளில் நம் நாட்டின் சராசரி ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்ததற்குக் காரணமும் இதுவே. பெரியம்மை ஒழிந்தது, 1975க்குப் பின் இந்நாட்டில் அந்நோய் தோன்றவில்லை. மலேரியாவும் காலராவும் தணிந்தன. தடுப்பூசிகள் கிராமங்களுக்கு வந்தன. பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடைபெறலாயின. 2020 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள், ஒரு வயது நிறையுமுன் இறந்தவை 13 மட்டுமே. கிழவர்களின் ஆயுள் நீண்டதைவிடக் குழந்தைகள் பிழைத்ததே சராசரியை மிகுதியும் உயர்த்தியது.

விபத்தின் கணக்கு

இனி விபத்துக்கு வருவோம். ஒரே ஆண்டில் பிறந்த நூறு பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் 97 பேர் எழுபது வயது வரை வாழ்ந்து நோயாலோ முதுமையாலோ இறக்கின்றனர். எஞ்சிய மூவர் விபத்தில் மடிகின்றனர்: ஒருவர் மூன்று வயதில் கிணற்றில் விழுந்தும், ஒருவர் இருபது வயதில் சாலையிலும், ஒருவர் நாற்பது வயதில் பாம்பு கடித்தும் இறக்கின்றனர்.

97 பேர் வாழ்ந்த ஆண்டுகள் 6,790. மூவர் வாழ்ந்தவை 3, 20, 40, ஆகமொத்தம் 63. இரண்டையும் கூட்டினால் 6,853. நூறால் வகுத்தால் சராசரி 68.53 ஆண்டு. இம்மூன்று விபத்துகளும் தடுக்கப்பட்டு, அம்மூவரும் மற்றவரைப் போலவே எழுபது வரை வாழ்ந்திருந்தால் சராசரி 70 ஆண்டாக இருந்திருக்கும். அதாவது நூறு பேரில் மூவரைக் காத்ததனால் அனைவரின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உயர்கிறது.

இதனோடு மற்றொரு கணக்கையும் ஒப்பிடுவோம். விபத்துகளைத் தடுக்காமல், எழுபது வயதில் இறக்கவிருந்த மூவருக்கு உயர்ந்த சிகிச்சை அளித்து அவர்களை மேலும் இரண்டு ஆண்டு வாழவைக்கிறோம் என்று கொள்வோம். கிடைப்பவை ஆறு ஆண்டுகள். சராசரி உயர்வது 0.06 ஆண்டு, அதாவது மூன்று வாரத்துக்குச் சற்று மிகுதி. இரண்டிலும் காக்கப்பட்டவர் மூவரே. வேறுபாடு வயதில் இருக்கிறது.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. ஒரு விபத்தைத் தடுப்பதால் வரும் லாபம், அவ்விபத்தில் இறக்கவிருந்தவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு எஞ்சியிருந்ததோ அத்தனை ஆண்டு ஆகும். காக்கப்பட்டவர் சாகாவரம் பெற்றுவிடுவதில்லை. பிறரைப் போலவே அவரும் ஒருநாள் இறப்பார். எனவே எஞ்சிய ஆண்டுகளை மட்டுமே நாம் வரவில் வைக்க வேண்டும்.

மேலும் ஓர் உண்மையை இவ்விதி காட்டுகிறது. சராசரி ஆயுள் 32 ஆக இருந்த காலத்தில், கிணற்றிலிருந்து மீட்கப்பட்ட குழந்தையை அம்மையோ காய்ச்சலோ சில ஆண்டுகளில் கொண்டுபோகக்கூடும். இன்று அவ்வாறன்று. மீட்கப்பட்ட குழந்தை பெரும்பாலும் முதுமை வரை வாழும். ஆகவே நோயை நாம் வெல்ல வெல்ல, ஒவ்வொரு விபத்துச் சாவினாலும் நாம் இழக்கும் ஆண்டுகள் பெருகுகின்றன. தடுப்பூசி போட்டு, சத்துணவு அளித்து, பள்ளிக்கு அனுப்பி வளர்த்த பிள்ளையை ஒரு திறந்த குழிக்குப் பலிகொடுப்பது, விளைந்து முற்றிய கதிரை ஆடு மேயவிடுவது போன்றதாகும்.

நம் முன் உள்ள எண்கள்

2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்துக்குள்ளாகி இறந்தவர் 1,68,491 பேர். அவர்களுள் தமிழ்நாட்டில் இறந்தவர் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவருள் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர். அதாவது குடும்பத்தைத் தாங்கும் தோள்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 35 ஆண்டுகளை இழந்ததாக வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் மட்டும் அவ்வோராண்டில் இழக்கப்பட்டவை 6,25,940 மனித ஆண்டுகள்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் கால்பங்குக்கு மேற்பட்டோர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். பெரும்பாலோர் கிராமத்தார். ஆகவே இது முதன்மையாக உழவர் வீட்டுத் துயரம்.

நீரில் மூழ்கி இறப்போர் தொகையும் பெரிது. 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இவ்வாறு இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. சாலையில் இறப்பவர் தொகை பெரிதாக இருப்பினும், ஓர் உயிருக்கு இழக்கப்படும் ஆண்டுகளை நோக்கினால் நீர்நிலைச் சாவுகள் மிகக் கொடியவை என்பதை இதனால் அறியலாம்.

ஊர்க் கணக்கு எழுதும் முறை

நாட்டுக் கணக்கைக் கேட்டு வியப்பதோடு நின்றால் ஊருக்குப் பயனில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர் தம் ஊருக்கே ஒரு கணக்கு எழுத வேண்டும். அதற்கு வேண்டிய பதிவேடு நம்மிடமே உள்ளது. 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வொரு சாவும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யப்படுதல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் துணையோடு கடந்த பத்தாண்டு இறப்புகளைப் பார்வையிடலாம். காரணம் தெளிவாக இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்களையும் கிராமச் சுகாதார செவிலியரையும் கேட்டறியலாம்.

பத்தாண்டு எதற்கு? மூவாயிரம் மக்கள் உள்ள ஊரில், ஆயிரத்துக்கு ஆறு அல்லது ஏழு வீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது சாவுகள் நேரிடும். அவற்றுள் ஓராண்டில் இரண்டு விபத்தாக இருக்கலாம்; மறு ஆண்டில் ஒன்றும் இல்லாதிருக்கலாம். இவ்வளவு சிறிய எண்களைக் கொண்டு ஓராண்டில் ஊர் முன்னேறிவிட்டது என்றோ கெட்டுவிட்டது என்றோ முடிவு கட்டலாகாது. ஒரு மழைக்காலத்தை மட்டும் பார்த்து ஏரியின் நீர்வரத்தை மதிப்பிட முடியுமா? பத்தாண்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் நிலை புலனாகும்.

எடுத்துக்காட்டாக, மூவாயிரம் மக்கள் கொண்ட ஓர் ஊரில் பத்தாண்டில் 200 சாவுகள் நேர்ந்தன என்றும், அவற்றுள் 12 விபத்தால் வந்தவை என்றும் கொள்வோம். எழுபது வயதை அளவுகோலாக வைத்து, இறந்த வயதைக் கழித்து, இழந்த ஆண்டுகளைக் கண்டுபிடிப்போம்.

கிணறும் குட்டையும்: மூவர், வயது 2, 4, 11. இழந்த ஆண்டுகள் 68, 66, 59. கூட்டினால் 193.

சாலை: ஐவர், வயது 19, 22, 27, 34, 48. இழந்த ஆண்டுகள் 51, 48, 43, 36, 22. கூட்டினால் 200.

பாம்புக்கடி: இருவர், வயது 38, 52. இழந்த ஆண்டுகள் 32, 18. கூட்டினால் 50.

மின்சாரம்: இருவர், வயது 29, 45. இழந்த ஆண்டுகள் 41, 25. கூட்டினால் 66.

மொத்தம் 509 ஆண்டுகள். இதனை 200 சாவுகளுக்குப் பங்கிட்டால், இறப்போரின் சராசரி வயதில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு விபத்தால் குறைந்தது என்று தெரிகிறது. அரசாங்கத்தார் கணிக்கும் சராசரி ஆயுளுக்கு இது முற்றிலும் ஒப்பானதன்று, தோராயக் கணக்கே. ஆயினும் ஊருக்கு வழிகாட்ட இது போதும்.

இக்கணக்கு மற்றொன்றையும் சொல்லுகிறது. சாவுகளின் தொகையை மட்டும் எண்ணினால் சாலை ஐந்து, நீர் மூன்று. சாலையே முதல் எதிரி. இழந்த ஆண்டுகளை எண்ணினாலோ 200க்கு 193. இரண்டும் ஏறக்குறைய சமம். அதோடு சாலையைத் திருத்தப் பல இலாகாக்களின் உதவி வேண்டும்; கிணற்றுக்குச் சுவர் எழுப்ப ஒரு கொத்தனாரும் சில நாள் வேலையும் போதும். ஆகவே எங்கே முதலில் கை வைப்பது என்று தீர்மானிக்க, இழந்த ஆண்டு, ஆகும் செலவு ஆகிய இரண்டையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். எழுபத்தைந்து வயது மூதாட்டி ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இறந்தால் நம் கணக்கில் இழப்பு ஒன்றுமில்லை என்று வரும். அதனால் அவர் உயிர் மதிப்பற்றது என்று பொருளன்று. கணக்கு வேலையின் வரிசையைக் காட்டுவதற்கே. மனிதரின் மதிப்பைக் காட்டுவதற்கன்று. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துவது எந்த வீட்டாராலும் இயலக்கூடிய செயலே.

புத்திமதி போதுமா?

"ஜாக்கிரதையாக இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் விபத்து குறையுமா என்பது அடுத்த வினா. மனிதன் தவறுவது இயல்பு. தாய் அடுப்பைப் பார்க்கத் திரும்பும் ஒரு நொடியில் குழந்தை கிணற்றடிக்குச் சென்றுவிடும். ஆகவே தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதபடி இடத்தைத் திருத்தி அமைப்பதே நிலையான வழி.

சுவீடன் நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. 1997 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம், சாலையில் ஒருவரும் சாகக்கூடாது என்பதையே குறிக்கோளாக ஏற்றது. மனிதர் தவறு செய்வர் என்பதை ஒப்புக்கொண்டு, அத்தவறு உயிரைக் குடிக்காதபடி சாலைகளை மாற்றினர். எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க நடுவே தடுப்புக் கம்பிகள் அமைத்தனர்; மக்கள் நடமாடும் இடங்களில் வேகத்தைக் குறைத்தனர். 1997இல் 500க்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். 2020இல் ஏறத்தாழ 200 பேரே இறந்தனர்.

நமக்கு அண்மையில் உள்ள வங்காளதேசம் வேறொரு பாடம் கற்பிக்கிறது. வீட்டைச் சுற்றிலும் குளங்கள் நிறைந்த அந்நாட்டுக் கிராமங்களில், தாய்மார் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையிலேயே குழந்தைகள் மிகுதியாக நீரில் விழுந்து இறந்தனர். இதைக் கண்டறிந்தவர்கள், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறு காப்பகங்களைக் கிராமங்களிலேயே நிறுவினர். அவற்றில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடையே இவ்வகைச் சாவு பெரிதும் குறைந்தது. நம் ஊர்களில் அங்கன்வாடி ஏற்கெனவே உள்ளது. அதனைச் சோறு போடும் இடமாக மட்டும் கருதாமல் உயிர் காக்கும் இடமாகவும் கருதி, குழந்தைகளைத் தவறாமல் அனுப்புதல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவது, நீரும் குழியும். ஊர்ப் பொதுக் கிணறுகளையும் வழியோரக் கிணறுகளையும் கணக்கெடுத்து, சுவரில்லாதவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். மண் எடுத்த ஆழமான குழிகளுக்கும் பண்ணைக் குட்டைகளுக்கும் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். குட்டையருகே நீண்ட கயிறும் காற்றடைத்த பழைய டயர் டியூபும் வைத்திருந்தால், நீந்தத் தெரியாதவர் தாமும் குதித்து மடியாமல் அவற்றை எறிந்து காப்பாற்றலாம். மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது தீங்கு. மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுதலும் மார்பை அழுத்துதலும் வேண்டும். இளைஞர் மன்றத்தார் இதனைச் சுகாதார நிலையத்தில் பயிலலாம்.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் தனிக் கவனத்துக்குரியவை. 2019 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அத்தகைய துளையில் விழுந்த குழந்தையை மீட்கப் பல நாள் முயன்றும் உயிரைக் காக்க இயலாமற்போனதை நாம் மறந்திருக்க முடியாது. ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் பதினைந்து நாட்களுக்கு முன்னரே தெரிவித்தல், கிணற்றைச் சுற்றி முள்வேலியும் பலகையும் அமைத்தல், குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டுதல், குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூடுதல், கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்புதல் ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டிலேயே விதித்துள்ளது. தமிழ்நாட்டில் 2015 ஆம் ஆண்டு விதிகளின்படி கிராமங்களில் கிணறு தோண்டப் பஞ்சாயத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது. தண்ணீர் வராத துளை மூடப்பட்டதா என்று நேரில் சென்று பார்ப்பதே கடமையின் முடிவு.

இரண்டாவது, பாம்புக்கடி. இரவில் வயலுக்குச் செல்வோர் டார்ச் விளக்கும் கணுக்காலுக்கு மேல் மூடும் காலணியும் இன்றிச் செல்லலாகாது. வைக்கோற் போரையும் விறகுக் குவியலையும் வீட்டை ஒட்டி வைக்கலாகாது. கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலும் இருக்கும். ஆகவே கட்டிலில் கொசுவலை கட்டி உறங்குவது நலம். கடிபட்டால் கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் கூடா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து பயன்படுவதால், கடித்த பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. அம்மருந்து செய்வதற்கான நஞ்சை, செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கிவருகிறது என்பது நமக்குப் பெருமை. 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கம் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கத்தக்கதாக ஆக்கியுள்ளது. இதனால் எங்கே மருந்து மிகுதியாகத் தேவை என்பது தெரியவரும்.

மூன்றாவது, மின்சாரம். பம்புசெட்டுக் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்கு முறையான எர்த் இணைப்பும், மின்கசிவு நேர்ந்தால் தானே நிறுத்தும் கருவியும் பொருத்துதல் வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடலாகாது. அறுந்து கிடக்கும் கம்பியை ஒருவரும் நெருங்காதபடி காவல் வைத்து, மின்வாரியத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். காட்டுப்பன்றியைத் தடுக்க வயலைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சுவது சட்டத்துக்கும் அறத்துக்கும் மாறானது. பன்றிக்கு வைத்த கம்பி பக்கத்து நிலத்துக்காரரையும், சில வேளைகளில் வைத்தவரையுமே கொன்றிருக்கிறது.

நான்காவது, சாலை. இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசம் அணிந்தால், விபத்து நேர்ந்தாலும் சாவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது அளவு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர். பள்ளி, சந்தை, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் வேகத்தடையும் விளக்கும் வேண்டுமெனப் பஞ்சாயத்து தீர்மானம் நிறைவேற்றி நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பலாம். நெல்லையும் சோளத்தையும் சாலையில் உலர்த்துவதை நிறுத்தி, களங்களை உபயோகிக்கலாம்.

விபத்து நேர்ந்தபின் முதல் சில மணி நேரமே உயிருக்கு எல்லை. 2008 முதல் 108 ஊர்தி தமிழகமெங்கும் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதற்கெனக் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்க வகை செய்யப்பட்டது. காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் மீது வழக்கு வருமோ என்று பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. இச்செய்தியை ஊர்தோறும் பரப்புதல் நம் கடமை.

கிராம சபையில் வைக்க வேண்டிய வினாக்கள்

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கீழ்க்கண்ட வினாக்களை முன்வைத்து விவாதிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

1. கடந்த பத்தாண்டில் நம் ஊரில் விபத்தால் இறந்தவர் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் இழந்த ஆண்டுகள் எத்தனை?

2. அச்சாவுகள் நேர்ந்த இடங்கள் எவை? அவ்விடங்கள் இன்று எந்நிலையில் உள்ளன?

3. சுவரில்லாத கிணறுகளும் மூடாத ஆழ்துளைகளும் எத்தனை? அவற்றின் உரிமையாளர்கள் யாவர்?

4. விஷமுறிவு மருந்து இரவிலும் கிடைக்கக்கூடிய மருத்துவமனை எது? அங்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

5. இவ்வாண்டுக்குள் முடிக்கக்கூடிய ஒரு வேலை எது? அதற்குப் பொறுப்பு ஏற்பவர் யார்?

இவற்றுள் இரண்டாம் வினா மிக முக்கியமானது. பத்தாண்டுக்கு முன் ஓர் உயிரைக் குடித்த கிணறு இன்றும் அதே நிலையில் இருக்குமானால், அதற்கு விதி பொறுப்பாகாது, நாமே பொறுப்பாவோம்.

ஒரு கிணற்றுக்குச் சுவர் எழுப்பியதனால் காக்கப்பட்ட குழந்தை எது என்று நமக்கு ஒருபோதும் தெரியாது. அது விழவே இல்லையாதலால், நமக்கு நன்றி சொல்ல வரும் தாயும் இருக்கமாட்டாள். அது வளர்ந்து, படித்து, உழுது, மணம் செய்து, பேரன் பேத்திகளோடு எழுபது வயதில் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, அதன் அறுபத்தேழு ஆண்டுகள் இந்தச் சுவரிலிருந்து வந்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாவிட்டாலும் அவை ஊரின் கணக்கில் சேர்ந்திருக்கும். அந்தச் சுவரைக் கட்டும் வேலையை வரும் மழைக்காலத்துக்கு முன்பே தொடங்குவோமாக.